மேற்கே தோணா

காத்தான்குடி
ஜூன் 24

அன்புள்ள றம்ஸீன் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உம்மாவின் முழங்கால்தான் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அந்த வெயிலில் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறீர்களா? முதலில் இதைக் கேட்கச் சொல்லி உம்மாவின் கட்டளை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் உம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறா. பக்கத்து வளவு ஸஹீதா ராத்தா வேலிக்கு அப்பால் நின்று எனக்கு முன்னே பதில் சொல்லிவிடுகிறா. அதனால் கடிதமாகவே எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை ஓய்வில் வாசித்துவிட்டு நீங்களும் இப்படியே எழுதுங்கள்.

மொறட்டுவையில் நான்கு வருடம் நகரத் திட்டமிடல் படித்ததற்கு ஒரு வழியாக உருப்படியான வேலை கிடைத்திருக்கிறது. நம் வாவிக்கரையில் ஒரு பூங்கா வரப்போகிறது. அலுவலகத் தலைவர் நாகரெத்தினம் ஐயாவுக்கு நடைபாதையும் விளக்குக் கம்பமும் போதும். தாவரங்களைப் பார்க்க வந்திருக்கும் விதுசா விடுவதாயில்லை. முதலில் மழைத்தண்ணீர் ஊரைவிட்டு வெளியே போக வழி வேண்டும், அந்த வழிதான் பூங்கா என்கிறாள். கரையில் கண்டல் மரங்கள், உள்ளே தண்ணீர் தங்கிப் போகும் பள்ளமான தோட்டம், மேலே மரப்பாலம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பழைய தோணாவைக் கண்டுபிடிக்க வேண்டும். மாரித் தண்ணீரை வாவிக்குக் கொண்டுபோன அந்த ஓடை பழைய வரைபடத்தில் ஒரு நீலக் கோடாக இருக்கிறது. ஆனால் அந்த வரைபடத்தில் இப்போதுள்ள தெருவோ ஒழுங்கையோ ஒன்றுகூட இல்லை. தரையில் போய்ப் பார்த்தால் எங்கும் வீடுகள். நான் அப்போது சின்னப்பிள்ளை, எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நீங்கள் அதில் வலையால் இறால் வடித்துத் திரிந்தவர் என்று உம்மா சொல்வா. அது எங்கே ஓடியது காக்கா?

துஆவுடன்,
தங்கச்சி ஸுஹைனா


டோஹா
ஜூலை 8

பாசமுள்ள தங்கச்சி ஸுஹைனாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். தலையில் துணி கட்டியிருக்கிறேன், அதற்கு மேல் தொப்பியும் போட்டிருக்கிறேன் என்று உம்மாவிடம் சொல். முழங்காலுக்கு எண்ணெய் பூசி, வெந்நீர் ஒத்தடம் கொடு.

என் வேலையைக் கேட்டால் நீயும் உன் விதுசாவும் சிரிப்பீர்கள். தெரு மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவனைக் கம்பெனி கடற்கரைக்கு மாற்றியிருக்கிறது. கண்டல் கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறேன். வெயில் தணிந்ததும் சேற்றில் இறங்கி நட வேண்டும். ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒன்று வாடினால் மூன்று பேர் வந்து படம் எடுக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது யாரும் படம் எடுக்கவில்லை.

கோடையில் வர வேண்டிய லீவை உன் கலியாணத்துக்காகத் தை மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். ஷிஹான் மாப்பிள்ளையாக வந்து குடியேறும்போது வீட்டில் ஒரு குறையும் இருக்கக்கூடாது. குசினியில் அடுப்புப் பக்கச் சுவருக்கு இரண்டாம் முறை பெயின்ற் அடித்தாயிற்றா?

தோணா ஐஸ் தொழிற்சாலைக்கு வடக்கே என்றுதான் ஞாபகம். சரியாகச் சொல்ல முடியவில்லை. எத்தனையோ வருடமாகிவிட்டது.

உன் சுகத்தை நாடும்,
காக்கா


காத்தான்குடி
ஓகஸ்ட் 9

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எண்ணெய் பூசியதில் உம்மாவின் முழங்கால் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. நானும் சுகம், தலைதான் சுற்றுகிறது.

ஐஸ் தொழிற்சாலைக்கு வடக்கே போய்ப் பார்த்தேன். அது ஊரிலேயே உயர்ந்த மேடு. தண்ணீர் அங்கே ஏறிப் போயிருந்தால் ஏணி வைத்துத்தான் ஏறியிருக்க வேண்டும். நல்ல ஞாபகம் உங்களுக்கு!

பிறகு வயதானவர்களைக் கேட்டேன். சாலிஹ் ஹாஜியார் கிழக்கே கையைக் காட்டி, "இஞ்சால இல்ல புள்ள, அங்கால, பள்ளிக்குப் பின்னால" என்றார். பள்ளிவாசலுக்குப் பின்னால் கடை வைத்திருப்பவர், "ஆர் சொன்ன? ஹாஜியார்ட வளவுக்குள்ளாலதான் போன" என்றார். எல்லோருக்கும் அது தன் வளவைத் தவிர மற்ற எல்லா வளவிலும் ஓடியிருக்கிறது. யார் பொய் சொல்கிறார், யார் மறந்தார் என்று எனக்கு விளங்கவேயில்லை.

கடைசியில் விதுசா ஒரு வழி சொன்னாள். "மனிசரிட்டக் கேக்காதீங்க, புல்லிட்டக் கேளுங்க. இந்தக் கோடையில எங்க சம்புப்புல் பச்சையா நிக்கிதோ, அங்க மண்ணுக்குக் கீழ தண்ணி போகுது."

மூன்று கிழமை வளவு வளவாக ஏறி இறங்கினோம். "புல்லுப் பாக்கவா படிச்ச?" என்று கேட்டார்கள். ஆனாலும் பதினாறு இடத்தில் சம்பு கிடைத்தது. வரைபடத்தில் புள்ளி வைத்தோம். வடக்கிலிருந்து பதினொரு புள்ளிகள் பிசகாமல் ஒரே கோட்டில், வீடுகளின் பின்பக்கமாக நம் ஒழுங்கைக்கு வருகின்றன. அத்தோடு நின்றுவிடுகின்றன. பிறகு வாவிக்குப் பக்கத்தில் நான்கு புள்ளிகள். நடுவில் ஒன்றுமில்லை. மிச்சப் புள்ளி கோட்டைவிட்டு விலகி ஸஹீதா ராத்தாவின் வளவில் தனியாக நிற்கிறது. அங்கே சம்பு ஆளுயரம். முன்பு அந்த இடத்தில் முருங்கை நின்றதாம், ஐந்தாறு வருடமாகத்தான் இந்தப் புல் என்கிறா. மாரியில் அவ வீட்டுக்குள் தண்ணீர் வரத் தொடங்கியதும் அப்போதிருந்துதானாம்.

தண்ணீர் நம் ஒழுங்கை வரை வந்து எங்கே போனது? நன்றாக யோசித்து எழுதுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஸுஹைனா


டோஹா
ஓகஸ்ட் 30

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சுகம். சூடு தாங்க முடியவில்லை, பகலில் வேலை இல்லை, பின்னேரம்தான். பதில் சுணங்கியதற்கு அதுதான் காரணம்.

நான் சொன்னது ஐஸ் தொழிற்சாலை அல்ல, பாடசாலை மைதானத்துப் பக்கமாக இருக்கலாம். சின்ன வயது ஞாபகத்தை நம்பி நீ வரைபடம் வரையக்கூடாது. தண்ணீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். உனக்கென்ன வந்தது? கலியாணப் பெண் ஊர் வளவெல்லாம் ஏறி இறங்குவது ஷிஹானின் உம்மாவுக்குப் பிடிக்குமா என்று யோசித்தாயா?

இங்கே கன்றுகள் நன்றாக இருக்கின்றன. ஏழாயிரம் கன்று. மதில் பக்கம் வெளி விளக்குப் போட்டாயிற்றா?

எல்லோருக்கும் ஸலாம்,
காக்கா


காத்தான்குடி
செப்டெம்பர் 5

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். நான் எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

நேற்றுச் சுபஹு தொழுதுவிட்டுக் குசினிக்குப் பின்னால் போனேன். உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சீமெந்து வெடிப்புக்குள்ளிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தா.

"என்னும்மா அது?"

"புல்லுத்தான் மகள். ஒவ்வொருநாளும் வருது. பிடுங்காட்டி மதிலையும் வெடிப்பிச்சிப் போடும்."

கையில் வாங்கிப் பார்த்தேன். சம்பு. மூன்று கிழமையாக ஊர் முழுக்கத் தேடியதை உம்மா தினமும் பிடுங்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறா.

அலுமாரியைத் திறந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்தேன். கிழக்கே ஒழுங்கை. வடக்கேயும் தெற்கேயும் அயலவர் பெயர்கள். மேற்கே தோணா. மேற்கே எத்தனை அடி என்று எழுதியிருக்கவில்லை. தோணா எங்கே இருக்கிறதோ அதுவரை நம் காணி. பக்கத்துப் பழைய வீடுகளின் பின்மதில் ஒழுங்கையிலிருந்து எண்பது அடியில் நிற்கிறது. நம் பின்மதிலை அளந்தேன். நூற்றுப் பன்னிரண்டு. அந்த முப்பத்திரண்டு அடிக்குள்தான் நம் குசினியும், எனக்கும் ஷிஹானுக்குமென்று நீங்கள் கட்டிய பின்னறையும் இருக்கின்றன.

நீங்கள் லீவில் வந்து நிலம் நிரப்பியபோது நான் மொறட்டுவை விடுதியில் இருந்தேன், இந்தக் காணியை அதற்கு முன் பார்த்ததுமில்லை. வந்து பார்த்தபோது எல்லாம் சமதரை. நான் எதையும் கேட்கவில்லை. புதுவீட்டைப் பார்த்து அழுதுகொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

ஒரு கேள்விதான் காக்கா. நம் குசினிக்குக் கீழேதான் தோணா கிடக்கிறதா?

ஸுஹைனா


காத்தான்குடி
செப்டெம்பர் 29

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. உங்களுக்குச் சுகமில்லையோ என்று பயந்து உம்மாவின் போனில் கேட்டேன். நல்லாத்தான் இருக்கிறார், சிரிச்சிச் சிரிச்சிக் கதைச்சார் என்றா உம்மா. என்னோடு மட்டும்தான் பேச்சில்லையா?

ஒக்டோபர் பதினைந்தாம் திகதி புள்ளி வைத்த வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். தண்ணீர் போகும் வழியென்று கோடு விழுந்தால் அதன் மேல் கட்டடம் இருக்கக்கூடாது. நம் வளவில் பதினேழாவது புள்ளி வைத்தால் குசினியும் பின்னறையும் போகும். ஷிஹானின் வீட்டார் பார்த்துப் பேசியது இந்த வீட்டைத்தான். வைக்காவிட்டால் நான் படித்த படிப்புக்கும் மூன்று கிழமை வெயிலில் அலைந்ததற்கும் என்ன அர்த்தம்?

மேசையில் இரண்டு வரைபடம் வைத்திருக்கிறேன். ஒன்றில் புள்ளி இருக்கிறது, மற்றதில் இல்லை. காலையில் ஒன்று சரியாகப் படுகிறது, பின்னேரம் மற்றது. நீங்கள் எனக்காகப் பதினொரு வருடம் அந்த வெயிலில் நிற்கிறீர்கள். தங்கச்சியைக் கரைசேர்த்துவிட்டுத்தான் உங்களுக்குக் கலியாணம் என்று முப்பத்துநான்கு வயதாகியும் தனியாக இருக்கிறீர்கள். அதை நினைத்தால் என் கை புள்ளிக்குப் போகிறதில்லை.

ஏதாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தங்கச்சி


டோஹா
ஒக்டோபர் 6

தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம், உங்கள் சுகத்துக்கு துஆச் செய்கிறேன்.

ஊருக்கு வரும் ஏறாவூர் ஸாஹிரிடம் பின்னறைக்குத் திரைச்சீலை கொடுத்துவிடுகிறேன். பச்சை நிறம். மேற்குப் பக்க யன்னலுக்கு அளவாக இருக்கும், நீளம் போதாவிட்டால் சொல். மின்விசிறி அங்கேயே வாங்கு, இங்கிருந்து சுமக்க முடியாது.

நடுகை தொடங்கிவிட்டது. வேலை அதிகம்.

காக்கா


காத்தான்குடி
ஒக்டோபர் 17

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு யாவரும் நலம். திரைச்சீலை வந்தது. நீளம் சரியாக இருக்கிறது. உங்களுக்கு அளவெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வரைபடத்தைக் கொடுத்துவிட்டேன். பதினாறு புள்ளிகளோடு. நீங்கள் சொல்லாததை நானும் சொல்லவில்லை.

விதுசா அதை நெடுநேரம் பார்த்தாள். கோடு வடக்கிலிருந்து நேராக வந்து, நம் வளவு மூலையில் முழங்கையைப் போல மடங்கி, ஸஹீதா ராத்தாவின் வளவுக்குள் இறங்கி, சுற்றிக்கொண்டு வாவிக்குப் போகிறது. "தண்ணி இப்பிடி மடங்காதே ஸுஹைனா" என்றாள். நான் பேனையை எடுத்து நீட்டினேன். "சரி, புல்லு நிக்கிற இடந்தானே கோடு" என்று கையொப்பம் வைத்தாள். அவள் என்னை நம்புகிறாள். நாகரெத்தினம் ஐயாவுக்கும் பிடித்துவிட்டது. அந்த மூலையில் சின்னக் குளமும் கல் இருக்கைகளும் போடலாமாம்.

ஸஹீதா ராத்தாவுக்கு அறிவித்தல் கடிதம் போகும். அவவின் வளவில் பாதியைக் கேட்டு. புள்ளி வைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது, பூங்கா கொஞ்சம் கோணலாகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். கோடு வேறொருவர் வீட்டுக்குள் போகும் என்று நினைக்கவேயில்லை. நினைத்தேனோ என்னவோ. எனக்கு என்னையே விளங்கவில்லை.

ஸுஹைனா


டோஹா
நவம்பர் 24

என் தங்கச்சி ஸுஹைனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த முறை ஸலாத்தை நான் முந்திச் சொல்கிறேன். ஐந்து தடவை எழுதி அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஊரில் அடை மழை, ஸஹீதா ராத்தா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் என்று உம்மா போனில் சொன்னா. நம் வீட்டுக்குள் ஒரு சொட்டுமில்லை என்று சந்தோஷமாகவும் சொன்னா. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓம். குசினிக்குக் கீழேதான். குசினிப் பின்கதவிலிருந்து உள்ளே ஒன்பது அடியில் அதன் நடு.

எங்களுக்கு லீவு எப்போதும் ஓகஸ்ட்டில்தான். நான் நிரப்ப வந்ததும் ஓகஸ்ட்டில். தோணாவில் அப்போது ஒரு எட்டு அகலத்துக்கு ஈரம் இருந்தது. மேற்கே தோணா என்று உறுதி சொல்கிறது, தோணா இதோ இருக்கிறது என்று அந்த ஈரம் வரைக்கும் அளந்தேன். பிறகு கையோடு ஈரத்தையும் மூடினேன். கரையில் நின்ற கண்டலை வெட்டியதும் நான்தான். அறுபத்துமூன்று ட்ரக்டர் பெட்டி கிறவல் மண். "தம்பி, கீழால குழாயொண்டு வெச்சிப்போட்டு நிரப்புங்க" என்று மேசன் கெஞ்சினார். லீவு முடிய நான்கு நாள்தான் இருந்தது. அடுத்த முறை பார்ப்போம் என்றேன். அடுத்த முறையும் ஓகஸ்ட். அப்போதும் காய்ந்துதான் கிடந்தது. நிரப்பியது பிழையில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் எனக்குத் தெரியும் ஸுஹைனா. அதே இடத்தில் மார்கழியில் நான் தோணியில் போயிருக்கிறேன். முப்பது அடி அகலம். ஐஸ் தொழிற்சாலை, மைதானம் என்று உன்னை அலையவிட்டதற்கு என்னை மன்னித்துவிடு. இங்கே நடும் ஒவ்வொரு கன்றிலும் அந்த அறுபத்துமூன்று பெட்டி கிறவல்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது.

புள்ளியை வை. வீடு இல்லாமல் போனால் மறுபடி கட்டுவேன். ஆனால் பிழையை என் பெயரில் எழுது, உன் பெயரில் வேண்டாம்.

காக்கா


காத்தான்குடி
டிசம்பர் 2

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் உயிரோடு சுகமாக இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று நாளுக்கு முன்பே புள்ளியை வைத்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

தண்ணீர் ஏறிய அன்று ஸஹீதா ராத்தா இரண்டு பிள்ளைகளோடும் நம் வீட்டுக்கு வந்தா. உம்மா பின்னறையில் கலியாணத்துக்கு வாங்கிய புது மெத்தையை விரித்துக் கொடுத்தா. பச்சைத் திரைச்சீலையைத் தடவிப் பார்த்து ஸஹீதா ராத்தா சொன்னா: "உங்கட வீட்டுக்குள்ள மட்டும் தண்ணி வரல்ல பாருங்க. எல்லாம் அல்லாஹ்ட றஹ்மத்து. றம்ஸீன் தம்பி நல்ல மனசோட கட்டின வீடு." பிறகு என் கையைப் பிடித்து, "மகள், என்ட வளவக் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கி. நீங்க அங்கதானே வேல செய்யிற, என்னெண்டு ஒருக்காப் பாருங்களன்" என்றா.

கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன் காக்கா. அதை அவவுக்கே வாசித்துக் காட்டினேன்.

மறுநாள் அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் பேனையால் பதினேழாவது புள்ளியை வைத்தேன். கோடு நேராகிவிட்டது. வடக்கிலிருந்து வாவி வரைக்கும் மடங்காமல் ஓடியது. விதுசா என் முகத்தைப் பார்க்கவில்லை. நாகரெத்தினம் ஐயா, "இது ஆர்ட வீடு?" என்று கேட்டார். "என்ட வீடு" என்றேன். பெயரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உறுதி என் பெயரில் இருக்கிறது, மறைத்ததும் நான், அதனால் பிழையில் பாதி எனக்குத்தான். மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிஹானுக்கும் சொன்னேன். "அப்ப குசினி எங்க வைக்கிற?" என்று கேட்டார். அது கோபமா சம்மதமா என்று இன்னும் விளங்கவில்லை. அவருடைய உம்மா தை மாதம் வேண்டாம், பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறா.

கடைசியாக ஸஹீதா ராத்தாவுக்குச் சொன்னேன். பின்னறைக்குக் கீழே என்ன இருக்கிறது, அவவின் வீட்டுக்குள் ஏன் தண்ணீர் வருகிறது, அந்தக் கடிதம் ஏன் வந்தது என்று எல்லாம். திட்டுவா என்று காத்துக்கொண்டு நின்றேன். அவ மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தா. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கித் தன் வீட்டுக்குப் போய்விட்டா. நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

உம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் இன்று காலை குசினிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சம்பு ஒரு சாண் வளர்ந்து நிற்கிறது. உம்மா பிடுங்கவில்லை.

ஸுஹைனா


டோஹா
டிசம்பர் 6

தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். நீ அழாதே, உம்மாவையும் அழவிடாதே.

தை மாத லீவை மாற்றிக் கேட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். வீட்டில் தண்ணீர் என்றேன். உடனே கையொப்பம் போட்டார். டிசம்பர் பதினான்காம் திகதி வந்து இறங்குகிறேன்.

நில அளவைக்காரர் வருவதாக இருந்தால் அதுவரை மறித்து வை. வெள்ளம் வடிந்த பிறகு வருகிறோம் என்பார்கள், விடாதே. தண்ணீர் நிற்கும்போதே அளக்க வேண்டும், கயிற்றின் மறுமுனையை நான் பிடிக்கிறேன். பதினொரு வருடமாக ஓகஸ்ட்டில் மட்டும் பார்த்த காணியை மார்கழியில் பார்க்க வருகிறேன்.

நான் வரும் நாளில் உம்மா வாசலில் காத்திருக்க வேண்டாம். முதலில் ஸஹீதா ராத்தாவின் கதவைத்தான் தட்டுவேன். அவ திறந்தாலும் திறக்காவிட்டாலும் அங்கே நின்றுவிட்டுத்தான் நம் வீட்டுக்கு வருவேன்.

காக்கா